கலம் செப்பனிட்டவரின் கனவு

அச்சு எந்திரம் அரசின் காவலில் இருந்த காலம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. 1660இல் இரண்டாம் சார்லசு நாடு திரும்பி அரியணை ஏறினார், முடியாட்சி மீண்டது. இரண்டே ஆண்டுகளில், 1662இல், அச்சு உரிமச் சட்டம் பிறந்தது. அரசோ திருச்சபையோ அமர்த்திய அலுவலர் படித்துப் பார்த்து இசைவு நல்காத எந்த நூலும் வெளிவரலாகாது என்றும், தலைமை அச்சகர்களின் தொகையை 20 ஆகக் குறைத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. அடுத்த ஆண்டு ரோஜர் லெஸ்ட்ரேஞ்சு என்பவர் அச்சுக் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். விடியுமுன் அச்சுக்கூடங்களுள் புகுந்து ஈரம் உலராத தாள்களைக் கைப்பற்றுவது அவருடைய வழக்கம். அவ்வாறு பிடிபட்ட ஜான் ட்வின் என்னும் ஏழை அச்சகர், அரசனை எதிர்க்கும் உரிமை மக்களுக்கு உண்டென்ற ஒரு நூலை அச்சிட்ட குற்றத்திற்காக, 1664இல் தூக்கிலிடப்பட்டு உடல் துண்டாடப்பட்டார். நூலை எழுதியவர் பெயரை அவர் கடைசிவரை வெளியிடவில்லை.

இக்காலத்தில்தான், கல்லூரி வாசலை மிதித்தறியாத, இலத்தீனும் கிரேக்கமும் கற்றறியாத ஒருவர் சிறையிலிருந்தபடியே நூல் மேல் நூலாக எழுதினார். அவற்றுள் ஒன்று, பின்னாளில் உலகின் 200க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டது. தமிழில் அது உரைநடையாகவும் வந்தது, காப்பியமாகவும் மலர்ந்தது. அவர் ஜான் பனியன். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் அவருடைய வாழ்வை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது பயன்தரும் என்று கருதியே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

பெட்போர்டு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ ஒரு கல் தொலைவில் உள்ளது எல்ஸ்டோ என்னும் சிற்றூர். அங்கே 1628 நவம்பர் 30ஆம் நாள் பனியனுக்குத் திருமுழுக்கு நடைபெற்றது. தந்தை தாமசு பனியன் ஓட்டை விழுந்த பானைகளையும் கொப்பரைகளையும் செப்பனிட்டுப் பிழைத்தவர். எழுதவும் படிக்கவும் கற்கும் அளவிற்கு மட்டுமே மகனுக்குப் பள்ளிப்படிப்பு வாய்த்தது. சந்தையில் மலிவாக விற்ற வீரக்கதைச் சிறுநூல்களில்தான் இளமையில் அவர் மனம் ஈடுபட்டது. அசுரரை வெல்லும் வீரனும், வழிமறிக்கும் சிங்கங்களும், கோட்டைகளும் அவர் நெஞ்சில் பதிந்தது அக்கதைகளிலிருந்தே எனலாம். பின்னாளில் அவற்றைப் பயனற்றவை என்று அவரே ஒதுக்கினார். ஆயினும் அக்கதைகள் அவரை விட்டு ஒதுங்கவில்லை என்பதற்கு அவருடைய பெருநூலே சான்று.

1644ஆம் ஆண்டு அவருக்குத் துயரம் சுமந்து வந்தது. ஜூன் மாதம் தாய் மறைந்தார். ஜூலையில் தங்கை மார்கரெட் மறைந்தாள். தந்தையோ சில வாரங்களுள் வேறொரு பெண்ணை மணந்து கொண்டார். அப்போது பனியனுக்கு வயது 15. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அவ்வாண்டிலேயே அவர் நாடாளுமன்றப் படையில் சேர்ந்தார். நியூபோர்ட் பாக்னல் என்னும் ஊரில் 1647 வரை பணியாற்றிவிட்டு ஊர் திரும்பித் தந்தையின் தொழிலையே மேற்கொண்டார்.

பின்னர் ஓர் ஏழைப் பெண்ணை மணந்தார். அப்பெண்ணின் பெயரைக்கூட வரலாறு நமக்கு விட்டுவைக்கவில்லை. தட்டும் கரண்டியும்கூடச் சரிவர இல்லாத அந்த வீட்டிற்கு அவர் கொண்டு வந்த சீர், தம் தந்தை விட்டுச்சென்ற இரண்டு சமய நூல்கள். ஒன்று ஆர்தர் டென்ட் எழுதியது; மற்றொன்று லூயிஸ் பெய்லி எழுதியது. கணவனும் மனைவியும் அவற்றைச் சேர்ந்து படித்தனர். கல்வி கைநழுவிப் போன ஓர் இளைஞனை மீண்டும் எழுத்தின்பால் திருப்பியவை பெயரறியாப் பெண் ஒருத்தியின் சீதனமாக வந்த அவ்விரு நூல்களே. 1650இல் பிறந்த முதல் மகள் மேரி பார்வையற்றவள்.

இக்காலத்தே பனியனின் உள்ளம் பெரும் போராட்டத்திற்கு உள்ளாயிற்று. ஞாயிற்றுக்கிழமையில் ஊர்ப் புல்வெளியில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருக்கையில், புள்ளை ஒருமுறை அடித்து மறுமுறை அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட, மேலிருந்து ஒரு குரல் தம்மை வினவியதாக உணர்ந்தார். எல்ஸ்டோ கோயிலின் மணியடிப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். அது வீண் இன்பம் என்று தோன்றியதும் அடிப்பதை நிறுத்தினார். ஆயினும் பிறர் அடிப்பதைக் காணச் செல்வார். மணி அறுந்து தலைமேல் விழுமோ என்று அஞ்சி உத்தரத்தின் அடியில் நிற்பார். பின்பு கோபுரமே சரியுமோ என்று அஞ்சி ஓடுவார். நகைப்பிற்கிடமாகத் தோன்றும் இவ்வச்சங்களை எள்ளளவும் மறைக்காமல் அவர் தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

அவருக்கு வழி காட்டியவர் எந்தப் பேரறிஞரும் அல்லர். பெட்போர்டுத் தெரு ஒன்றில், ஒரு வீட்டு வாயிலில், வெயில் காய்ந்தபடி மூன்று நான்கு ஏழைப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தனர். பாத்திரம் செப்பனிடச் சென்ற பனியன் அவர்களை நெருங்கிச் செவிமடுத்தார். தம் உள்ளத்தில் இறைவன் நிகழ்த்திய மாற்றத்தை அவர்கள் எளிய பேச்சில் பகிர்ந்துகொண்டிருந்தனர். அவர்கள் சொன்னது அவருக்கு முழுதும் விளங்கவில்லை. ஆனால் தாம் அறியாத ஓர் உலகில் அவர்கள் வாழ்கிறார்கள் என்பது விளங்கிற்று. அப்பெண்கள் சார்ந்த, ஜான் கிஃபோர்டு தலைமை தாங்கிய தனிச்சபையில் பின்னர் அவர் சேர்ந்தார், பேசவும் தொடங்கினார். கூட்டம் திரண்டது. 1656இல் முதல் நூல் வெளிவந்தது. அது குவேக்கர்களை மறுத்து எழுதிய வாதநூல். எட்வர்டு பர்ரோ என்பவர் மறுப்பு எழுத, பனியன் மறுப்புக்கு மறுப்பு எழுதினார். சிறு வெளியீடுகளின் வழியே கருத்துப்போர் நிகழ்ந்த அக்காலத்தில் ஒரு கன்னார் தொழிலாளியும் அப்போர்க்களத்தில் இடம்பெற முடிந்தது.

1658இல் முதல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு எலிசபெத் என்னும் இளம்பெண் அவரை மணந்து, தாயற்ற நான்கு குழந்தைகளுக்குத் தாயானார். முடியாட்சி மீண்டதும் நிலைமை தலைகீழாயிற்று. திருச்சபையின் வழிபாட்டு முறைக்குப் புறம்பாகக் கூடுவோர்மீது, 1593ஆம் ஆண்டின் பழைய சட்டம் மீண்டும் ஏவப்பட்டது. 1660 நவம்பர் 12ஆம் நாள், லோயர் சாம்செல் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணைவீட்டில் பேச எழுந்தபோது பனியன் பிடிபட்டார். ஆணை பிறப்பிக்கப்பட்டிருப்பதை நண்பர் முன்னரே தெரிவித்திருந்தனர், தப்பியிருக்கலாம். தாம் ஓடினால் புதிதாக நம்பிக்கை கொண்டோர் உள்ளம் தளர்ந்துவிடும் என்று கருதி அவர் அங்கேயே நின்றார்.

1661 ஜனவரியில் ஜான் கீலிங் என்னும் நீதிபதி முன்னிலையில் விசாரணை நடைபெற்றது. மூன்று மாதச் சிறை. அதன் பின்னும் பணியாவிடில் நாடு கடத்தல். இசைவின்றி நாடு திரும்பினால் தூக்கு. இதுவே அவருக்கு அறிவிக்கப்பட்டது. இனிப் பொதுவில் பேசுவதில்லை என்று ஒரு வாக்குறுதி அளித்திருந்தால் அவர் அன்றே வீடு திரும்பியிருப்பார். அவ்வொரு சொல்லை அவர் சொல்லவில்லை. மூன்று மாதம் பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது.

இங்கே எலிசபெத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணவர் சிறைப்பட்ட செய்தி கேட்டபோது அவர் கருவுற்றிருந்தார். அதிர்ச்சியில் முன்கூட்டியே நோவு கண்டு, எட்டு நாள் துன்புற்றுப் பெற்ற குழந்தை இறந்தது. உடல் தேறியதும் அவர் இலண்டன் சென்று பிரபுக்கள் அவையினரிடம் விண்ணப்பம் அளித்தார். 1661 ஆகஸ்டில் நீதிபதிகள் பெட்போர்டுக்கு வந்தபோது மும்முறை முயன்றார். முதல்முறை மாத்யூ ஹேல் என்னும் நீதிபதியிடம் விண்ணப்பத்தைக் கொடுத்தார். மறுநாள் ட்விஸ்டன் என்னும் நீதிபதியின் வண்டிக்குள் அதனை எறிந்தார். மூன்றாம் முறை, ஸ்வான் என்னும் விடுதியின் அறையில் நீதிபதிகளும் ஊர்ப் பெருமக்களும் நிறைந்திருந்த இடத்திற்கே சென்று வாதாடினார். ட்விஸ்டன் சீறினார், ஹேல் இரங்கினார். கணவர் பேச்சை விடுவாரா என்று வினவப்பட்டபோது, நாவுள்ளவரை விடார் என்ற உண்மையை எலிசபெத் மறைக்கவில்லை. அவர் பாத்திரம் செப்பனிடும் ஏழை என்பதாலேயே நீதி மறுக்கப்படுகிறது என்று முகத்திற்கு நேரே கூறினார். மன்னரிடம் முறையிடலாம், மன்னிப்பு ஆணை பெறலாம், அல்லது தீர்ப்பின் பிழையை எடுத்துக்காட்டி மேல்முறையீடு செய்யலாம் என்று ஹேல் வழிகளைச் சொன்னார். அவ்வழிகளில் செல்லப் பொருளும் துணையும் அக்குடும்பத்திடம் இல்லை. நான்கு குழந்தைகளும் பிறர் ஈகையில் வளர்ந்தனர். இந்நிகழ்ச்சியைப் பனியன் எழுதி வைத்தாரெனினும் அது அச்சேறியது 1765இல்தான். எலிசபெத்தின் குரல் உலகின் செவியை எட்ட நூறாண்டுக்கு மேலாயிற்று.

சிறையில் பனியன் காலணி வார்களுக்குக் கூர்முனை பொருத்தி விற்றுக் குடும்பத்திற்கு அனுப்பினார். விவிலியமும், ஜான் பாக்ஸ் எழுதிய இரத்தசாட்சிகளின் வரலாறும் அவருடைய நூலகமாயின. பார்வையற்ற மகளைப் பற்றிய நினைவே பிற துன்பங்கள் அனைத்தினும் அவரை மிகுதியாக வாட்டியது. தம் குடும்பத்தின்மீது தாமே வீட்டை இடித்துத் தள்ளுவது போன்ற உணர்வு அவருக்கு இருந்தது. கொள்கைக்காகத் துன்புறுவோர் தம் துன்பத்தை மட்டுமே பாடுவர். தம்மால் பிறர் துன்புறுவதை அவர் ஒளிக்காமல் எழுதினார். இந்நேர்மையே அவருடைய தன்வரலாற்றின் உயிர். பாவிகளுள் தலையாய பாவிக்குப் பெருகிய அருளைப் பேசும் அந்நூலை 1666இல் ஜார்ஜ் லார்க்கின் அச்சிட்டார். இலண்டன் மாநகரம் தீக்கிரையானதும், தூய பவுல் பேராலயத்தின் நிலவறையில் புத்தக வணிகர் குவித்து வைத்திருந்த நூல்கள் சாம்பலானதும் அவ்வாண்டில்தான்.

பனியனின் எழுத்துகளைச் சிறையிலிருந்து அச்சுக்கூடத்திற்குக் கொண்டு சேர்த்தவர்கள் தாமும் இடருக்கு ஆளானவர்களே. அவருடைய செய்யுள் நூல் ஒன்றை 1661இல் வெளியிட்ட பிரான்சிஸ் சுமித், கடைப்பலகையில் யானை உருவம் தீட்டியிருந்ததால் யானை சுமித் என்றே அழைக்கப்பட்டவர். இசைவு பெறாத நூல்களை விற்றதற்காக அவர் பலமுறை சோதனைக்கும் சிறைக்கும் ஆளானார். எழுதுபவன் பெயரே வரலாற்றில் நிற்கிறது; அச்சுக் கோத்தவனும் தாள் சுமந்தவனும் பட்ட பாட்டை நாம் நினைப்பதில்லை.

1672 மார்ச்சில் மன்னர் வெளியிட்ட தளர்வு அறிக்கையின் பயனாகப் பனியன் விடுதலை பெற்றார். பெட்போர்டுச் சபை அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜனவரியில், அவரைத் தன் போதகராகத் தேர்ந்திருந்தது. மே மாதம் பேசுவதற்கான உரிமத்தையும் அவர் பெற்றார். தளர்வு நிலைக்கவில்லை, 1676ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி மீண்டும் சில மாதங்கள் சிறையிருந்தார்.

அதன் பின்னரே அப்பெருநூல் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி முதற் சிறைவாசத்தின் பிற்பகுதியில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. கையெழுத்துப் படியை நண்பர்களிடம் காட்டியபோது, அச்சிடுக என்றனர் சிலர். வேண்டா என்றனர் சிலர். திருமறைப் பொருளைக் கதையாக்கலாமா என்பது அவர்தம் ஐயம். இருவகைக் கருத்தையும் கேட்டுக்கொண்டு, அச்சிட்டுப் பார்த்தாலன்றி வழக்குத் தீராது என்று அவர் துணிந்தார். 1677 டிசம்பர் 22ஆம் நாள் அச்சக வணிகர் கழகத்தின் பதிவேட்டில் நூல் பதியப்பட்டது. 1678இல், போல்ட்ரி என்னும் தெருவில் மயில் அடையாளம் பொறித்த கடையில் நத்தானியல் பாண்டர் அதனை வெளியிட்டார். சிறு எண்மடிப்பு அளவு, 232 பக்கங்கள், விலை ஒன்றரை ஷில்லிங். இசைவு பெற்றுப் பதிவு செய்யப்பட்டது என்ற குறிப்பு முகப்பிலேயே இருந்தது. பேச்சுக்கு இசைவு பெறமாட்டேன் என்று பன்னிரண்டாண்டு சிறையிருந்தவரின் நூல் முறையான இசைவோடு வெளிவந்தது!

கதை யாவரும் அறிந்ததே. முதுகில் சுமையோடு ஒருவன் அழிவின் நகரை விட்டு வான்நகர் நோக்கி நடக்கிறான். அவநம்பிக்கைச் சேறு, மாயச் சந்தை, ஐயக் கோட்டை, கடைசியில் பாலமில்லாத ஆறு. முற்றுருவகக் கதைகள் அதற்கு முன்னும் இருந்தன. அவற்றில் நற்குணங்களும் தீக்குணங்களும் மனித வேடம் பூண்ட பொம்மைகளாக உலவின. பனியனின் மாந்தர்களோ பெட்போர்டுத் தெருவில் எதிர்ப்படக் கூடியவர்கள். வாய் ஓயாமல் சமயம் பேசி வீட்டாரை வதைப்பவனும், காற்று வீசும் திசையில் கொள்கையை மாற்றிக்கொள்பவனும் அவர் நாளும் கண்ட மனிதர்களே. மாயச் சந்தையில் உண்மையாளனுக்கு நிகழும் விசாரணையில் கீலிங்கின் நீதிமன்றத்தை நாம் காண்கிறோம். கனவு கண்ட இடமான குகை எது என்பதைப் பிற்பதிப்பொன்றின் ஓரக்குறிப்பில் அவரே சிறை என்று விளக்கினார். மொழியோ அடுக்களையிலும் வயலிலும் வழங்கிய மொழி. உருவகத்தைக் கற்பனையிலிருந்து இறக்காமல் வாழ்விலிருந்து ஏற்றினார் என்பதே அவருடைய வெற்றியின் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பும், 1679இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. 1681இல் அமெரிக்காவின் பாஸ்டனிலும் அச்சிடப்பட்டது. பின்னர் டச்சு மொழியிலும் வந்தது. புகழோடு திருட்டும் வந்தது. கள்ளப் பதிப்புகள் பெருகின; தாமசு பிராடில் என்னும் அச்சகர்மீது பாண்டர் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். வேறொருவர் இரண்டாம் பாகம் என்று ஒன்றை எழுதியே வெளியிட்டுவிட்டார். பனியன் மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1692இல் எழுதிய சார்லசு டோ என்பவர், விற்ற படிகள் ஏறத்தாழ 1,00,000 என்று கணக்கிட்டார்.

இனி, ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் இதனைக் கடந்து போய்விடுகின்றனர். சபைப் பெண்கள் ஆண்களின்றித் தனித்துக் கூடி வழிபடலாமா என்ற வினா எழுந்தபோது, 1683இல் பனியன் ஒரு சிறுநூல் எழுதினார். கூடாது என்பதே அவர் விடை. கூடிப் பேசும் உரிமைக்காகப் பன்னிரண்டாண்டு சிறையிருந்தவர் அவ்வுரிமையைப் பெண்களுக்கு மறுத்தார். வாயிலில் அமர்ந்து பேசிய ஏழைப் பெண்களால் ஒளி பெற்றவர் அவர். நீதிபதிகளின் முன் தனித்து நின்ற எலிசபெத்தின் கணவர் அவர். அந்நூற்றாண்டின் பொதுக் கருத்து அது என்று அமைதி கூறலாம். ஆனால் பிறவற்றில் பொதுக் கருத்துக்குப் பணியாதவருக்கு அவ்வமைதி பொருந்துமா? படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சை உறுத்தும் இடம் இது.

எனினும் அடுத்த ஆண்டே, 1684இல், தம் கதையின் இரண்டாம் பாகத்தை அவர் வெளியிட்டார். முதற் பாகத்தில், மனைவி மக்களை விட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான் கதைத்தலைவன். இரண்டாம் பாகத்தில் அம்மனைவியே, நான்கு ஆண்மக்களோடும் இரக்கம் என்னும் பெயருடைய இளம்பெண்ணோடும் அதே வழியில் புறப்படுகிறாள். வழியில் உணவுண்டு, நோய் தீர்ந்து, திருமணங்கள் நிகழ்த்தி, பேரக்குழந்தைகளைப் பெற்று, அவள் ஆற்றங்கரையை அடைகிறாள். இயேசுவின் வாழ்வில் பெண்கள் ஆற்றிய தொண்டைப் போற்றும் பகுதி ஒன்றும் அதில் உண்டு. நான்கு குழந்தைகளோடு தனித்து விடப்பட்ட எலிசபெத்தை எண்ணாமல் அதனைப் படிக்க என்னால் இயலவில்லை. வாதநூலில் பனியன் மூடிய கதவைக் கதைநூலில் அவருடைய கற்பனை திறந்துவிட்டது. வாதத்தில் அவர் தம் காலத்தின் கருத்தைப் பேசினார். கதையில் தாம் கண்டதைச் சொன்னார். ஒரே மனிதருக்குள் இவ்விரண்டும் ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்தன.

1685இல் இரண்டாம் ஜேம்சு அரசரானதும் மீண்டும் அச்சம் சூழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள் பனியன் தம் உடைமை அனைத்தையும் மனைவிக்கு எழுதி வைத்தார். ஆங்கிலம் வழங்கும் நாடெங்கும் அறியப்பட்ட அந்நூலாசிரியர் அப்பத்திரத்தில் தம்மைக் கன்னார் என்றே குறிப்பிட்டுக்கொண்டார். ஒளித்து வைத்த அப்பத்திரம் நெடுங்காலம் கழித்தே கண்டெடுக்கப்பட்டது. 1688இல், பிணங்கிய தந்தை மகன் இருவரை ஒன்றுசேர்க்க ரெடிங் நகருக்குக் குதிரையில் சென்றவர், அங்கிருந்து கொட்டும் மழையில் இலண்டன் வந்து காய்ச்சலுற்றார். ஆகஸ்ட் 31ஆம் நாள், நண்பரான மளிகை வணிகர் ஜான் ஸ்ட்ரட்விக்கின் இல்லத்தில் உயிர் பிரிந்தது. பன்ஹில் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு 42 பவுண்டு 19 ஷில்லிங்.

கற்றோர் உலகம் அவரை ஏற்கக் காலம் பிடித்தது. 18ஆம் நூற்றாண்டில் அந்நூல் குடிசைகளிலும் பணியாளர் அறைகளிலும் படிக்கப்பட்டது. கவிஞர் கூப்பர் அவரைப் போற்றியபோதும், பெயரைச் சொன்னால் பிறர் நகைப்பரோ என்று தயங்கிப் பெயர் சொல்லாமலே போற்றினார். பின்னர் மெக்காலே, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் படைப்பாற்றல் மிக்க உள்ளங்கள் இரண்டே என்று கூறி, மில்டனுக்கு இணையாகப் பனியனை வைத்தார். 1874இல் பெட்போர்டில் சிலை எழுந்தது.

நம் மொழியில் அந்நூல் மோட்சப் பிரயாணமாக வழங்கியதை முதியோர் அறிவர். திருநெல்வேலிச் சீமையில் 1827இல் பிறந்து, வைணவ மரபில் வளர்ந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, அதனைத் தழுவி ஐந்து பருவங்களில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தைப் பாடி 1894இல் வெளியிட்டார். கல்லாதவர் எனப்பட்ட ஒருவரின் தெருமொழிக் கதை, கிறித்தவக் கம்பர் எனப்பட்ட ஒருவரின் விருத்தங்களில் புதுப்பிறவி எடுத்தது. பனியன் கனவிலும் கேட்டறியாத மொழி நம் மொழி.

அவரைச் சிறையிலிட்ட நீதிபதிகளின் தீர்ப்பேடுகளைத் தேடிப் படிப்போர் சிலரே. அச்சு உரிமச் சட்டம் 1695இல் புதுப்பிக்கப்படாமல் மறைந்தது. லெஸ்ட்ரேஞ்சின் பெயரை நூலகங்களில் ஆய்வாளர் தேடுகின்றனர். பனியனின் நூலோ இன்றும் அச்சாகி வருகிறது. எழுதுகோல் பிடிக்கும் நம்மில் ஒவ்வொருவருக்கும், சொல்லக் கூடாது என்று யாரோ தடுத்த சொல் ஒன்றேனும் இருக்கும். நாமே பிறரைச் சொல்லவிடாமல் தடுத்த சொல்லும் ஒன்று இருக்கக்கூடும். பனியனின் வாழ்வு இவ்விரண்டையும் நமக்கு நினைவூட்டுகிறது. அடுத்த பத்தாண்டுகளில் நம் வட்டம் அவ்விரண்டாவதையும் எண்ணிப் பார்க்குமாயின் இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் பெற்றவளாவேன்.